விட்டுப்போன ஏழு வசனங்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

ஃபோனை எடுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். சரி. கடிதத்தையாவது பிரிப்பீர்கள் என்று எழுதுகிறேன். பிரிக்காமல் அலமாரியில் தூக்கிப் போட்டாலும் எனக்குத் தெரியவா போகிறது.

கூடவே ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். பார்வையில்லாதவர்களுக்காக அண்ணன் எங்கள் ஸ்டூடியோவில் வாசித்த வேதாகமப் பகுதி. பட்டணம் இடிந்து போனபின் ஒருவன் உட்கார்ந்து புலம்புகிற அந்தச் சின்னப் பகுதி, ஐந்தே அதிகாரம். சனிக்கிழமைதோறும் வேலை முடிந்து, கையில் லிஃப்ட் கிரீஸோடு வந்து வாசித்துவிட்டுப் போவானே, அதுதான். வெட்டி ஒட்டித் துப்புரவு செய்தது நான். போன மாதம் முந்நூறு பேருக்கு அனுப்பினோம். முதலில் உங்களுக்குத்தான் வந்திருக்க வேண்டும். உறையில் உங்கள் விலாசத்தை எழுதவே கை வராமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரே வருஷத்தில் அம்மா, அப்புறம் அண்ணன், அப்புறம் நாம் காலி செய்த அந்த வீடு. கடைசியில் நீங்களும். அண்ணன் அடக்கம் முடிந்து மூன்றாம் வாரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறீர்கள். "எங்க போறீங்க?" என்று கேட்டதற்கு "வேலைக்கு" என்று ஒரே வார்த்தை. தெருவில் போகிறவள் கேட்டிருந்தால்கூட இரண்டு வார்த்தை சொல்லியிருப்பீர்கள். எனக்குக் கோபம் இருக்கிறது அண்ணி. மறைக்கத் தெரியவில்லை.

சாப்பிடுகிறீர்களா?

வாயாடி

(அண்ணன் வைத்த பெயர். இனி யார் கூப்பிடப் போகிறார்கள், நானே போட்டுக்கொள்கிறேன்.)


பிப்ரவரி 20

வாயாடிக்கு,

பிரித்தேன்.

ஃபோனை எடுக்காததற்குக் கோபம் காரணம் இல்லை. நீ "ஹலோ" சொல்வதற்கு முன்னால் சின்னதாக ஒரு மூச்சு இழுப்பாய். அவரும் அப்படித்தான். அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே தொண்டை. அந்த ஒரு நொடியில் அவர்தான் என்று நினைத்துவிடுகிறேன். அதனால் எழுது. எழுத்தில் நீ மட்டும்தான் இருக்கிறாய்.

இங்கே ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தட்டு, தட்டில் ஒரு சீட்டு. சீட்டில் இருக்கிற அளவுக்குத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்தி, துடைத்து, முன்பக்கம் அனுப்பிவிட வேண்டும். போட்டுக்கொள்கிறவர் யார் என்று தெரியாது. பிடித்த வேலை என்று சொல்லமாட்டேன். பிடிக்காமலும் இல்லை. காலையில் எழுந்திருக்கிறேன், போகிறேன், வருகிறேன். சாப்பிடுகிறேன். உப்பு கூடிப்போச்சே என்று பக்கத்து அறைக்காரி சொன்ன பிறகுதான் கூடியிருப்பது தெரிகிறது. அழவில்லை. "அழுதுட்டா தேவலை" என்று போதகர் மனைவி வந்து சொன்னாள். குழாயா இருக்கிறது, திருகிவிட?

வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான். தைரியமா இருங்க, எல்லாம் நன்மைக்குத்தான், காலம் ஆற்றும். தலையை ஆட்டி அனுப்பிவிடுகிறேன்.

அவர் வாசித்ததைக் கேட்டேன். இப்போது தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மூன்றாம் அதிகாரத்தை மட்டும் காதில் போட்டுக்கொள்கிறேன். அந்த மனுஷன் தன் கசப்பையெல்லாம் கொட்டுகிறான். நினைக்க நினைக்க உள்ளம் குனிந்துபோகிறது என்கிறான். அடுத்த மூச்சிலேயே, தனியாக உட்கார்ந்து பேசாமல் இருப்பதைப் பற்றி வருகிறது. சரியாகிவிடும் என்று ஒரு வார்த்தை கிடையாது. இந்த ஒரு வருஷத்தில் என்னிடம் பொய் சொல்லாதது அந்த ஒரு இடம்தான். தனியாக உட்கார், பேசாதே. அதைத்தான் நான் செய்துகொண்டிருக்கிறேன். வேதத்திலேயே சொல்லியிருக்கும்போது என்னை யார் என்ன சொல்ல முடியும்?

நீ கோபப்படு. பரவாயில்லை.

அண்ணி


மார்ச் 6

அண்ணி,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். திட்டுவதானால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

திங்கட்கிழமை ஸ்டூடியோவுக்கு ஒரு ஃபோன் வந்தது. ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர், எழுபது வயது, பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"ஏம்மா, மூணாம் அதிகாரத்துல ஏழு வசனத்தக் காணோமே. யார் முழுங்கினது?"

"அப்படி இருக்காதுங்க. நான்தான் எடிட் பண்ணினேன்."

"அப்போ முழுங்கினதும் நீங்கதான்."

சொல்லிவிட்டு அந்த ஏழு வசனத்தையும் மனப்பாடமாக ஒப்பித்தார். புத்தகத்தைத் திறந்து விரல் வைத்துக்கொண்டே கேட்டேன். ஒரு சொல் தப்பவில்லை. நம் பதிவில் ஏழும் இல்லை.

எங்கள் வேலை எப்படி என்று உங்களுக்குக் கொஞ்சம் தெரியும். வாசிக்கிறவர் தடுமாறினால் பென்சிலால் மேஜையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, அந்த வசனத்தை முதலிலிருந்து வாசிப்பார். பிற்பாடு தட்டலையும் தப்பையும் நான் வெட்டி எடுத்துவிடுவேன். இருமல், நாற்காலிச் சத்தம், நீண்ட மௌனம் எல்லாம் போய்விடும். ஏதாவது ஒரு இடம் வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் அதை விட்டுவிட்டு மேலே போகலாம். இன்னொரு நாள் வந்து அதை மட்டும் வாசித்து நிரப்பிக்கொள்ளலாம். அப்படி விட்ட இடங்களைத் தனித் தாளில் குறித்துவைப்போம்.

அண்ணன் அந்த ஏழு வசனத்தை விட்டிருக்கிறான். அம்மா போன மூன்றாம் வாரம் அது. வந்து வாசிக்கிறேன் என்றான். அடுத்த சனிக்கிழமையே உட்காரவைத்திருக்க வேண்டும். நாலும் ஐந்தும் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நான்தான் சோம்பிவிட்டேன். அதற்குள் அந்தக் காய்ச்சல் வந்து, பன்னிரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

அவன் போன ஆறாவது வாரம் நான் எடிட் பண்ண உட்கார்ந்தேன். வேண்டாம், வேறு ஆள் பார்க்கட்டும் என்று மேலாளர் சொன்னார். நான்தான் வீம்புக்கு உட்கார்ந்தேன். ஐந்து நாள் அவன் குரல் காதுக்குள்ளேயே இருந்தது. ஒரு வார்த்தைகூட மனசுக்குப் போகவில்லை அண்ணி. திரையில் தட்டல் வந்தால் வெட்டினேன். மௌனம் வந்தால் வெட்டினேன். கை பாட்டுக்கு வேலை செய்தது. குறிப்புத் தாளை எடுத்துப் பார்க்கவே இல்லை. இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் இழுத்துச் சேர்த்து ஒட்டிவிட்டேன்.

உள்ளம் குனிந்துபோகிறது என்பதற்கும் தனியாக உட்காருவதற்கும் நடுவில்தான் அந்த ஏழும் இருக்கின்றன. விடிகிறபோதெல்லாம் இரக்கம் புதிதாக வருகிறது, காத்திருக்கிறவனுக்கு நல்லது நடக்கும் என்று சொல்கிற வசனங்கள். நீங்கள் தினமும் கேட்கிறது என் வெட்டு. வேதம் அப்படி இல்லை.

இன்னும் ஒன்று. பிரதிகளைத் திருப்பி வாங்கச் சொல்லிவிட்டார் மேலாளர். ஏப்ரல் பதினைந்துக்குள் அந்த ஏழும் சேராவிட்டால் அண்ணன் வாசித்தது முழுவதையும் எடுத்துவிட்டு வேறு ஒருவரை வைத்து முதலிலிருந்து பதிவு செய்வதாக இருக்கிறார். அந்த ஆபரேட்டர்தான் ஒரு யோசனை சொன்னார். "இன்னொரு ஆம்பளைக் குரல ஒட்டாதீங்க, அரைகுறையாத் தெரியும். பொம்பளைக் குரல் வைங்க, வேணும்னு வச்சதாத் தெரியும்." மேலாளர் ஒத்துக்கொண்டார்.

நான் வாசித்துப் பார்த்தேன். ஒரே தொண்டை என்றீர்களே, அதேதான். அவனைப் போல நடித்துக் காட்டுகிற மாதிரி இருக்கிறது. கேட்க எனக்கே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் அவன் வீட்டில் வாசித்துப் பழகும்போது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு திருத்தினது நீங்கள். நீங்கள் வந்து வாசியுங்கள், அண்ணி.

வாயாடி


மார்ச் 14

வாயாடிக்கு,

என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதையும் வந்து பிடுங்கிக்கொண்டாய்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை என்பது தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த வசனங்களைச் சின்ன வயதில் நானும் படித்ததுதான். அவர் பழகியபோது கேட்டதுதான். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. இந்த வருஷத்தில் என்னென்னவோ மறந்துபோயிருக்கிறது. அந்த ஏழும் இல்லாமல் கேட்டபோது எதுவும் குறைகிறது என்று தோன்றவே இல்லை. அதுதான் முழுசு என்றிருந்தது.

இப்போது அதுவும் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டது. தைரியமா இருங்க, எல்லாம் நன்மைக்குத்தான்.

நான் வாசிக்கமாட்டேன். எனக்கு நம்பிக்கை இல்லாத ஒன்றை முந்நூறு பேர் காதில் ஊற்ற மனசு வராது. அவர்களுக்கும் வீட்டில் யாராவது செத்திருப்பார்கள். மேலாளர் வேறு ஆளை வைத்துக்கொள்ளட்டும். குரலை எடுத்தால் எடுக்கட்டும். ஆளே போயாகிவிட்டது.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அண்ணி


மார்ச் 22

அண்ணி,

எழுத வேண்டாம் என்றால் எழுதாமல் இருக்கிறவளா நான்?

ஆளே போயாகிவிட்டது என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். உங்களுக்குப் புருஷன் போனார். எனக்கு அம்மா போனாள், அண்ணன் போனான், அண்ணியும் போனாள். சொல்லிக்கொள்ள இந்தப் பூமியில் எனக்கு ஒரு ஆள் மிச்சம். அந்த ஆளும் கதவைச் சாத்திக்கொண்டு, தட்டாதே என்கிறது. என் பக்கத்தையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். துக்கம் உங்கள் ஒருவருக்கே பட்டா போட்டுக் கொடுத்ததா?

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழிக்கப் போவதில்லை.

அவன் வேலை ஞாபகம் இருக்கிறதா? லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பான். உள்ளே இருக்கிறவர் கதவை அடித்துக்கொண்டிருப்பார். இவன் அவர் பிள்ளைகளைப் பற்றி, காலையில் என்ன சாப்பிட்டார் என்பதைப் பற்றியெல்லாம் விசாரிப்பான். ஒரு தடவை நானும் கூட இருந்தேன். "இப்பத் திறந்துடும்னு சொல்லேண்டா" என்றேன். "எப்பத் திறக்கும்னு எனக்கே தெரியாது. தெரியாததைச் சொன்னா அப்புறம் அவர் என் பேச்சையே கேக்கமாட்டார்" என்றான்.

அவன் அந்த வசனங்களை ஏன் விட்டான் என்று நீங்கள் கேட்கவே இல்லை. வெட்டுவதற்கு முந்தின பதிவு பழைய கணினியில் அப்படியே கிடந்தது. அந்தப் பதினோரு நிமிஷத்தை மட்டும் எடுத்து இதோடு அனுப்புகிறேன். நான் எதையும் தொடவில்லை. கேளுங்கள், கேட்காமல் போங்கள், உங்கள் இஷ்டம். பதினைந்தாம் தேதிக்கு அப்புறம் உங்களை வாசிக்கச் சொல்லமாட்டேன்.

வாயாடி


ஏப்ரல் 4

வாயாடிக்கு,

ஒரு வாரம் மேஜை மேலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட்டேன்.

எட்டுத் தடவை தட்டுகிறார். முதல் தடவை குரல் உடைகிறது. அடுத்த இரண்டு தடவை பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி வேகமாக ஓடுகிறார், தானே நிறுத்திவிடுகிறார். அப்புறம் மெதுவாக. அப்புறம் ஒன்றுமே இல்லாமல், வெறும் சொற்களாக. எட்டாவது தட்டலுக்குப் பிறகு நீண்ட நேரம் சத்தமே இல்லை. அப்புறம் உன்னிடம் பேசுகிறார். "முடியலடி. வாய்தான் சொல்லுது. கேக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும். இந்த இடத்த விட்டு வை, வந்து வாசிக்கிறேன்." நீ, "சரி, போய் டீ குடிச்சிட்டு வா" என்கிறாய்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவரிடம் எப்படிப் போச்சு என்று நான் கேட்டேன். "பிரமாதமாப் போச்சு" என்றார். அத்தை இறந்தபின் ஒரு நாள்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. தெம்பாகத்தான் இருக்கிறார் என்று நினைத்து என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில், ஒரே பாயில், அவரும் இப்படி மரத்துப்போய் இருந்திருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. அவர் மேல், என் மேல், உன் மேலும் கொஞ்சம்.

பிறகு புத்தகத்தை வாங்கி வந்து அந்த ஐந்து அதிகாரத்தையும் கண்ணால் படித்தேன். நல்ல வார்த்தையைக் கதையில் கடைசியில்தானே வைப்பார்கள். இங்கே அப்படி இல்லை. நட்டநடுவில் வைத்திருக்கிறான். சொல்லிவிட்டு மறுபடியும் அழ ஆரம்பித்துவிடுகிறான். இன்னும் இரண்டு அதிகாரத்துக்கு மேல் அழுகிறான். கடைசி வரியில்கூடக் கண்ணைத் துடைத்தபாடில்லை. பட்டணம் இடிந்தது இடிந்தபடியே கிடக்கிறது. அதற்குள் உட்கார்ந்துகொண்டுதான் சொல்லியிருக்கிறான். போதகர் மனைவி நன்றாக இருக்கிற வீட்டிலிருந்து கிளம்பி வந்து சொல்கிறாள். இவன் அப்படிச் சொல்லவில்லை. அதனால் இவனிடம் எனக்குச் சண்டை இல்லை.

நம்புகிறேன் என்று எழுத வரவில்லை. பொய் என்றும் இப்போது எழுத வரவில்லை.

அவர் அந்த இடத்தை எடுத்துவிடு என்று சொல்லவில்லை. விட்டு வை என்றுதான் சொன்னார். எட்டுத் தடவை முயன்றவர் ஒன்பதாவது தடவைக்கு வந்திருப்பார். வர முடியாமல் போய்விட்டது. அதற்காக அந்த இடம் இல்லையென்று ஆகிவிடக்கூடாது. அதுவரைக்கும்தான் எனக்குப் புரிகிறது.

கடையில் நான்கு நாள் லீவு கேட்டிருக்கிறேன். பதினோராம் தேதி காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். உருக்கமாக வாசி, நிறுத்தி வாசி என்றெல்லாம் சொல்லக்கூடாது. எனக்கு வருகிற மாதிரிதான் வாசிப்பேன். உன் வீட்டில் தங்கமாட்டேன்.

சரி, தங்குகிறேன். நீ ஓயாமல் பேசக்கூடாது.

அண்ணி


ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். மூன்று நாளும் நான் ரொம்பப் பேசவில்லைதானே? அடக்கி அடக்கி எனக்குத் தொண்டையே வலித்தது.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது சொல்லாததை இப்போது எழுதிவிடுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் உங்கள் கால் தரைக்கு எட்டவில்லை. அவன் உயரத்துக்கு வைத்தது, நான் இறக்காமலே விட்டிருக்கிறேன். அப்படியே வாசித்தீர்கள். மளிகைச் சீட்டு வாசிக்கிற மாதிரிதான் வாசித்தீர்கள். காத்திருப்பதைப் பற்றி வருகிற வசனத்தில் ஒரே ஒரு தடவை பென்சிலால் தட்டினீர்கள், திரும்ப வாசித்தீர்கள். ஏழும் முடிந்ததும் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து, "டீ இருக்கா?" என்று கேட்டீர்கள். நீங்கள் அழுதீர்களா என்று நான் கேட்கவில்லை. நான் அழுதேன். சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆபரேட்டருக்கு ஃபோனில் போட்டுக் காட்டினேன். குற்றம் கண்டுபிடிக்காமல் விடமாட்டார் என்று தயாராகத்தான் இருந்தேன். முழுவதும் கேட்டுவிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"இந்தம்மா இத நம்பி வாசிக்கல" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்படித் தெரியுதுங்களா?"

"தெரியுது. ஆனா கிடைச்சா நல்லாருக்கும்னு வாசிக்கிறாங்க. எனக்கு அது போதும். நானும் பாதி நாள் அப்படித்தான் சொல்லிக்கிறேன்."

மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அண்ணன் குரல் இருக்கும். எங்கும் போகாது.

இப்போது ஒன்று கேட்க வேண்டும். நேற்றிலிருந்து அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஏழாவது வசனத்தில் நீங்கள் நிறுத்துகிறீர்கள். அதற்கு அடுத்த வசனத்தை அண்ணன் ஆரம்பிக்கிறான், தனியாக உட்காருகிறதை. குரல் மாறுகிற இடத்தில் இரண்டு நொடி மௌனம் விட வேண்டும் என்று எங்களுக்கு ஒரு விதி இருக்கிறது. இந்த ஒரு இடத்துக்கு உங்கள் மனசுப்படி செய்யச் சொல்லிவிட்டார் மேலாளர். இரண்டு நொடி விட்டுப் பார்த்தேன், மூன்று விட்டுப் பார்த்தேன். மௌனத்தை வெட்டி ஒரு தடவை பட்டது போதும். என் கையை நான் நம்பமாட்டேன். உங்களுக்கும் அவனுக்கும் நடுவில் எவ்வளவு விடட்டும், அண்ணி?

வாயாடி


ஏப்ரல் 21

வாயாடிக்கு,

கடையில் வேலை குவிந்து கிடந்தது. இப்போதுதான் உட்கார்ந்தேன்.

ஒரு நொடிகூட விடாதே. பதினேழு வருஷத்தில் உன் அண்ணன் என்னை ஒரு நாளாவது பேசி முடிக்க விட்டிருக்கிறாரா? ஒட்டியே வை.

அண்ணி